நகரி மேடையில் நான் விழுங்கிய வரி

வெள்ளை வேட்டியும் வெள்ளை மனமுமாய் விழாவுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் எங்கள் மன்றத் தலைவர், ஐயா தமிழரசு அவர்களே! வரவேற்புரை என்ற பெயரில் என்னை வானளவு வளர்த்துவிட்டு, வழியும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் செயலாளர், தம்பி பிரபாகர் அவர்களே! தறி ஓட்டிய கையோடும், கடலை உரித்த கையோடும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்த கண்ணோடும் வந்து குழுமியிருக்கும் பெரியோர்களே! ஆந்திரத்து அரிசியை அருந்தமிழ் பேசி உலையில் இடும் அன்னையரே! தெலுங்கில் பரீட்சை எழுதி, தமிழில் சண்டை போட்டு, இரண்டு மொழியிலும் காதலிக்கும் தம்பி தங்கைகளே! திருப்பதியிலிருந்து காலை ஏழரை மணி பஸ்ஸில் தனியாய் ஏறி, சன்னலோரம் தனியாய் உட்கார்ந்து, தனியாய் வந்து இறங்கிய காஞ்சனா உங்கள் அத்தனை பேரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

தம்பி பிரபாகர் என்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்டீர்களா? "சிறுநீரகம் காக்க வந்த சிங்கத் தமிழச்சி" என்றார். தம்பி, சிங்கமா? பதினேழு வருஷமாய் எலிகளோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். என்னைப் போய்ச் சிங்கம் என்றால் என் எலிகளே சிரிக்கும்! டாக்டர் என்றார். டாக்டர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாடி பிடிக்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர். இதோ முன்வரிசையில் இருக்கும் பெரியவர், போன தடவை என்னிடம் முழங்கால் வலிக்கு மாத்திரை எழுதிக் கேட்டார். ஐயா, இப்போது கால் எப்படி இருக்கிறது? அப்படியேதான் இருக்கிறதா? நல்லவேளை, நான் எழுதித் தரவில்லை.

சால்வை கொண்டுவந்தீர்கள். சந்தன மாலை கொண்டுவந்தீர்கள். இரண்டையும் வேண்டாம் என்றேன். தலைவர் ஐயாவின் முகம் சட்டென்று வாடிவிட்டது. ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மரியாதை தெரியாதவள் இல்லை நான். ஏன் வேண்டாம் என்றேன் என்று சொல்வதற்குத்தான் இந்தப் பேச்சு. கேட்டபிறகும் எனக்குப் போர்த்தத் தோன்றினால் போர்த்துங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே தை மாதம், இதே மண்டபம், இதே ஒலிபெருக்கி. அன்று நான் பேசினேன். பேசினேனா? பொழிந்தேன்! முழங்கினேன்! மூச்சுவிடாமல் முக்கால் மணி நேரம் முழங்கினேன்! அன்று வந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். அடேங்கப்பா, இத்தனை பேரா! அன்று என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? இருக்காது. தமிழ் இனித்தது என்பது நினைவிருக்கும், விஷயம் மறந்திருக்கும். சுருக்கமாய் இன்னொரு முறை சொல்கிறேன்.

பிரசவ வார்டில் பிள்ளை பிறந்ததும் வெட்டி எறிகிறோமே தொப்புள்கொடி, அதைப் பெற்றவளின் கையெழுத்து வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, திருப்பதியில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருகிறோம். கொடிக்குள்ளே வழவழப்பாய் ஒரு சதை. சதைக்குள்ளே மூல உயிரணுக்கள், ஸ்டெம் செல் என்று செய்தித்தாளில் படிக்கிறீர்களே, அவை. தட்டில் இட்டு வளர்த்தால் அவை குமிழி விடுகின்றன. எவ்வளவு பெரிய குமிழி? உங்கள் தலைமுடி ஒன்றின் பருமனை ஆயிரம் கூறு போடுங்கள். அதில் ஒரு கூறு! உயிர் இல்லாத உருண்டை. ஆனால் அதன் வயிற்றுக்குள் சேதி இருக்கிறது. அடிபட்டுக் கிடக்கும் சிறுநீரக அணுவைத் தேடிப்போய், "செத்துப்போகாதே, சீறி வீங்காதே, எழுந்து வேலையைப் பார்" என்று சொல்கிற சேதி.

எலியின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அரைமணி நேரம் அடைத்துவைத்துக் காயப்படுத்தினோம். பாவம்தான், என்ன செய்ய? பிறகு இந்தக் குமிழிகளை ஊசியில் ஏற்றினோம். மூன்றாம் நாள் காலை கூண்டருகே போனேன். சுருண்டு கிடந்த எலி எழுந்து சுற்றுகிறது! ரத்தத்தில் ஏறியிருந்த கழிவு இறங்கியிருக்கிறது! அந்தக் காலையில் ஆய்வுக்கூடத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். சொல்ல ஆள் இல்லை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணம் அமையவில்லை, அமைத்துக்கொள்ளவும் இல்லை. செல்போனை எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன், எந்தப் பெயரை அழுத்துவது என்று தெரியவில்லை. கடைசியில் எலியிடமே சொன்னேன், "பொழச்சுக்கினியாடி" என்று.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லாதவளுக்குத் திடீரென்று ஒரு மேடையும் எண்ணூறு காதுகளும் கிடைத்தால் என்ன ஆகும்? கொட்டிவிடமாட்டாளா? கொட்டினேன். அடுத்த மாதமே இந்த மேடையில் கொட்டினேன். அதோடு நின்றேனா? நிற்கவில்லையே! நம் மேடைகளுக்கென்று ஒரு வியாதி இருக்கிறது. எந்த அறிவியலைச் சொன்னாலும், "இது நம் முன்னோருக்கு அன்றே தெரியும்" என்று ஒரு போடு போட வேண்டும். போட்டால்தான் கைதட்டு. நானும் போட்டேன்.

"பிள்ளையின் கொடியைக் காயவைத்து, வெள்ளித் தாயத்தில் அடைத்து, அரைஞாணில் கோத்துக் கட்டினாளே நம் தமிழ்த்தாய், எதற்குக் கட்டினாள்? அழகுக்கா? அலங்காரத்துக்கா? அல்ல, அல்ல! அரையில் தொங்கியது ஆபரணம் அல்ல, ஆஸ்பத்திரி!" என்றேன். கூரை அதிரக் கைதட்டினீர்கள். யாரோ விசில் அடித்தார்கள். உண்டா இல்லையா? அதோ, அந்தத் தம்பி தலையைக் குனிகிறார், நீதானா அது? உன்மேல் தப்பில்லை, தம்பி. விசில் அடிக்கிற மாதிரிதான் நான் பேசினேன்.

அன்று என் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் கடைசியாய் ஒரு வரி எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் இட்டிருந்தேன். அதைப் படிக்க வாயைத் திறந்தபோதுதான் அந்தக் கைதட்டல் வந்தது. இதற்குமேல் இந்த வரியைப் படித்தால் பாயசத்தில் உப்பு விழுந்த மாதிரி ஆகிவிடுமே என்று நினைத்தேன். தாளை மடித்தேன். வணக்கம் சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வரியை இப்போது படிக்கிறேன். "இது எலிகளில் மட்டுமே கண்டது. திடீரென்று அடிபட்ட சிறுநீரகத்துக்கு மட்டுமே நாங்கள் முயன்றது. பல ஆண்டுகளாய்ப் பழுதாகி வடுவாகிவிட்ட சிறுநீரகத்துக்கு இது மருந்து என்று நிரூபணம் ஆகவில்லை. எனவே நோயாளிகள் யாரும் தங்கள் சிகிச்சையை நிறுத்தவோ தள்ளிப்போடவோ கூடாது." அவ்வளவுதான். முப்பது விநாடி ஆகியிருக்குமா?

வாடிய செடிக்குத் தண்ணீர் விட்டால் தலை நிமிரும். கருகி விறகாகிவிட்ட செடிக்கு விட்டால்? ஆமாம், அதோ தலையாட்டுகிறார் பாருங்கள் கடலைக்காரர், அவருக்குத் தெரியும். உங்களுக்கெல்லாம் தெரிகிற அந்த வித்தியாசத்தைத்தான் நான் அன்று சொல்லாமல் போனேன்.

அன்று இந்த மண்டபத்தில் தாட்சாயணி அக்கா உட்கார்ந்திருந்தார். வாழ்க்கைப்பட்டது வெதுருகுப்பம், பிறந்த வீடு இந்த நகரி. பொங்கலுக்குத் தாய்வீடு வந்தவர், கூட்டத்தைப் பார்த்து உள்ளே வந்திருக்கிறார். அவருக்கு ஒரே பிள்ளை, பெயர் சுதீர். பாகாலாவில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். இருபத்திரண்டு வயதில் தலைவலி, முக வீக்கம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவனிடம், "உன் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய்விட்டன" என்று சொன்னார்கள். கருகிய செடி என்றேனே, அதுதான். வாரம் இரண்டு நாள் திருப்பதிக்கு வந்து, நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவான்.

அப்பாவின் ரத்தவகை சேரவில்லை. அம்மாவுடையது சேர்ந்தது. பங்குனியில் அறுவை சிகிச்சை, அம்மாவின் ஒரு சிறுநீரகம் பிள்ளைக்கு என்று தேதி குறித்தாயிற்று. பிள்ளைக்கு அதில் துளியும் இஷ்டம் இல்லை. தன்னைப் பெற்றவளைத் தனக்காக அறுப்பதா என்று சாப்பிடாமல் கிடந்தவனை, கெஞ்சியும் திட்டியும் சம்மதிக்க வைத்திருந்தார் அக்கா. அந்த நேரத்தில்தான் என் பேச்சைக் கேட்டுவிட்டு வெதுருகுப்பம் போய் இறங்கினார். அன்று அந்த வீட்டில் நடந்த பேச்சைச் சுதீரே எனக்குச் சொன்னான்.

"டேய், மருந்து வந்துக்கினு இருக்குதாம்டா. கொடியிலேர்ந்து எடுக்கறாங்களாம். நம்ம தமிழ்க்காரப் பொண்ணுதான், திருப்பதியில இருக்குது. மேடையிலயே சொல்லிச்சு."

"அப்போ உன்ன எதுக்கும்மா அறுக்கணும்? கொஞ்ச நாள் பொறுத்துக்கினா போச்சு."

இவ்வளவுதான் பேச்சு. பங்குனித் தேதியை ரத்து செய்துவிட்டான். மருத்துவர் போனில் கத்தியிருக்கிறார், "எவன்டா சொன்னான் உனக்கு?" என்று. "பெரிய டாக்டர் மேடம் சொன்னாங்க சார், எல்லார் முன்னாடியும் சொன்னாங்க" என்றிருக்கிறான். பெரிய டாக்டர் மேடம்! எலிக்கு ஊசி போடுகிற நான்!

காத்திருந்தான். ஒரு மாதம் காத்திருந்தான். ஒரு மழைக்காலம் காத்திருந்தான். வராத மருந்துக்காக, வாய் தவறிய ஒருத்தியின் வாக்கை நம்பிப் பதினான்கு மாதம் காத்திருந்தான். கடை மூடியது. நெஞ்சில் நீர் கட்டியது. இனித் தாங்காது என்று ஆனபிறகு, சரி, அம்மா கொடுப்பதையே வாங்கிக்கொள்கிறேன் என்று வந்தான். அம்மாவை மறுபடி பரிசோதித்தார்கள். அந்த இடைவெளியில் அக்காவுக்குச் சர்க்கரை வந்திருந்தது, ரத்தக் கொதிப்பும் சேர்ந்திருந்தது. ஒன்றை எடுத்தால் மிச்சம் இருக்கும் ஒன்று உங்களுக்கே தாங்காது, எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

போன ஆடி மாதம் ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். எங்கள் உதவியாளர் ஹரிபாபு வந்து, "மேடம், மீ கோசம் எவரோ வச்சாரு" என்றார். எனக்காக யாரோ வந்திருக்கிறார்களாம்! அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, தலையைக் கையால் கோதிக்கொண்டு ஓடினேன். உறவா, கூடப் படித்தவளா, யாராக இருக்கும் என்று அந்த வராந்தா முழுக்க யோசித்துக்கொண்டே ஓடினேன்.

வாசலில் ஓர் அம்மா நின்றிருந்தார். வெளியே ஆட்டோவில், முகம் வீங்கிய ஒரு பிள்ளை தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, கறுத்துப்போன ஒரு வெள்ளித் தாயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"மேடம்மா, நீ நகரியில பேசினியே, நான் அங்கதான் குந்திக்கினு கேட்டேன். இது என் பையன் கொடி. பொறந்த பதினோராம் நாளே ஆசாரிகிட்ட குடுத்து அடைச்சு வாங்கினேன். இதுவரைக்கும் தொறக்கல. என் கிட்னி வேணாம்னுட்டாங்க. போவட்டும். நீ இதுலேர்ந்து எடுத்துக்கோ. கொஞ்சமாத்தான் இருக்கும். பத்துமா?"

பத்துமா என்று கேட்டார், என் மக்களே! பத்துமா என்று கேட்டார்! பிள்ளைக்கு நோய் கண்டால் தாயத்தைத் திறந்து கொடியை உரசிக் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் இருந்ததுதானே? அந்த வழக்கத்தில் பிறந்த தாய். அதற்கு மேல், அதை ஆஸ்பத்திரி என்று ஆர்ப்பரித்த நான். ஆஸ்பத்திரியைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளே சுண்டைக்காய் வற்றல் அளவுக்கு, கறுப்பாய், காய்ந்து ஒடுங்கிய ஒரு துண்டு. இருபத்துநான்கு வருஷம் காய்ந்த துண்டில் உயிரணு ஏது? குமிழி ஏது? சேதி ஏது? அந்த வராந்தாவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இது செத்த சதை, அக்கா. பச்சைக் கொடியாகவே இருந்தாலும் உங்கள் பிள்ளைக்கு ஆகாது, அக்கா. அவன் சிறுநீரகம் வடுவாகிவிட்டது, நாங்கள் பார்த்தது எலியில், அதுவும் புதுக் காயத்தில், அக்கா. என் வாழ்நாளில் நான் எதுகை தேடாமல், மோனை தேடாமல் பேசிய பேச்சு அது ஒன்றுதான். அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் அழவில்லை. முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "இத ஏன் மேடையில சொல்லல?" என்றார்.

என்ன பதில் சொல்வேன்? கைதட்டினார்கள் அக்கா, அதனால் சொல்லவில்லை என்று சொல்லவா? திறந்த தாயத்தை அவர் கையிலேயே திருப்பி வைத்தேன். "சரே" என்றார், சரி என்பதைத் தெலுங்கில். தாயத்தை மூடி, முடிச்சில் வைத்து, இரண்டு தரம் இழுத்துக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

அதன்பிறகு செவ்வாய்க்கிழமைகளில், சுதீர் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளப் படுத்திருக்கும் வார்டுக்குப் போகிறேன். அங்கே போய்ப் பாருங்கள், தனிமை என்றால் என்ன என்று தெரியும். பத்துக் கட்டில், பத்து இயந்திரம், பத்து மனிதர். ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. பேச என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று சொம்பில் அளந்து கொடுத்திருக்கிறார்கள். திருப்பதி வெயிலில், சித்திரையில், அந்தச் சொம்பை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிப் பாருங்கள். கல்யாணத்துக்குப் போனால் துன்னக் கூடாது, குடிக்கக் கூடாது, எல்லோரும் பாவம் என்று பார்ப்பார்கள். அதனால் சுதீர் போகமாட்டான். போகாததால் யாரும் கூப்பிடுவதில்லை. அவன் செல்போனைச் சரிசெய்து கொடுத்த பாகாலா முழுக்க நண்பர்கள், அவன் செல்போனுக்கு ஓர் அழைப்புகூட வருவதில்லை.

முதல் மூன்று வாரம் என்னோடு பேசவே இல்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நான்காம் வாரம் திரும்பினான். "மேடம், எங்கம்மா ஒடம்புல கத்தி படாம தப்பிச்சது உங்களாலதான். அதுக்கு தேங்க்ஸ்" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். கிண்டலா, நிஜமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை. மூளைச்சாவு அடைந்தவர்கள் தரும் சிறுநீரகத்துக்காக ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் அவன் பெயர் இருக்கிறது. அவனுக்கு முன்னால் நிறையப் பெயர்கள் இருக்கின்றன. அவன் உடம்பு அதுவரை தாங்குமா என்பதுதான் இப்போது கேள்வி.

என்ன தம்பி? துண்டுச்சீட்டா? கொடுங்கள். "நேரம் ஆகிறது. நம்பிக்கையாக முடிக்கவும்." தம்பி பிரபாகர், போன தடவை நம்பிக்கையாகத்தானே முடித்தேன்? அந்த நம்பிக்கைதானே ஒரு பிள்ளையின் பதினான்கு மாதத்தைத் தின்றது? சீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பின்வரிசை எழுகிறது, பார்க்கிறேன். போங்கள் அண்ணா, சாம்பார் வாசனை எனக்கும் வருகிறது. எலிக்கதை கேட்க வந்தோம், இழவுக்கதை சொல்கிறாளே என்று முணுமுணுக்கிறீர்கள், அதுவும் கேட்கிறது. போகிறவர்கள் போகலாம், எனக்கு வருத்தம் இல்லை. பொய் சொல்கிறேன், வருத்தம் இருக்கிறது. காலியாகிற நாற்காலியைப் பார்த்துப் பேசுவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பேசியே தீர்வேன்!

முன்னோருக்கு இதெல்லாம் தெரியும் என்றேனே, தெரியாது! ஏரி வெட்டத் தெரியும், எருது பூட்டத் தெரியும், கோபுரம் நிமிர்த்தத் தெரியும். குமிழி தெரியாது! தாயத்தில் கொடியை வைத்தது பாசம். பாசத்தைப் பாசம் என்றே சொல்லுங்கள், அதற்கு ஆராய்ச்சிக் கோட்டு மாட்டாதீர்கள். மாட்டிய பாவி நானே சொல்கிறேன், மாட்டாதீர்கள்!

இப்போது ஊருக்கு ஊர் விளம்பரம் வருகிறது. குமிழி ஊசி, ஸ்டெம் செல் ஊசி, ஒரே ஊசியில் கிட்னி புதிது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. வந்தால் என்ன செய்வீர்கள்? நம்புவீர்களா? ஓடுவீர்களா? கேளுங்கள்! காலரைப் பிடித்துக் கேளுங்கள்! எலியிலா, மனிதரிலா? கேளுங்கள்! சத்தமாக! எலியிலா, மனிதரிலா? அப்படித்தான். புதுக் காயத்துக்கா, பழைய வடுவுக்கா? கேளுங்கள்! மனிதர்களில் எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தீர்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள், அதை யார் சரிபார்த்தார்கள்? கேளுங்கள்! அப்புறம், இன்று ஓடுகிற சிகிச்சையை நிறுத்தச் சொல்கிறானா? சொன்னால் அதற்கு மேல் கேள்வியே வேண்டாம், வெளியே தள்ளுங்கள். அவன் கோட்டுப் போட்டவனாக இருந்தாலும் தள்ளுங்கள். மேடையில் நின்று தேனொழுகப் பேசுகிறவளாக இருந்தாலும், அவள் காஞ்சனாவாகவே இருந்தாலும் தள்ளுங்கள்!

அன்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்க இடம் கொடுக்காமல் பேசினேன். கேள்வி பிறக்கும் முன்னே கைதட்டல் பிறந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதத்திலிருந்து எனக்கு ஆய்வில் கை ஓடவில்லை. கூண்டைப் பார்த்தால் அந்த வராந்தா ஞாபகம் வருகிறது. குளிர்பெட்டியில் ஆறு மாதத்துக் குமிழிகள் உறைந்து கிடக்கின்றன, எடுத்துப் பார்க்க மனம் வரவில்லை. அது நல்ல ஆராய்ச்சி, ஐயா. சத்தியமாய் நல்ல ஆராய்ச்சி. பாம்புக்கடியில், பேதியில், பிரசவத்தில் திடீரென்று சிறுநீரகம் நின்றுபோகிறவர்களுக்கு ஒரு நாள் உதவக்கூடும். என் ஆசை அது. ஆனாலும் விட்டுவிடலாம் என்று முடிவு செய்து, விலகல் கடிதம் எழுதி, மேசையில் வைத்துவிட்டுத்தான் இன்று பஸ் ஏறினேன்.

போன வாரம் தாட்சாயணி அக்காவுக்குப் போன் செய்தேன். "அக்கா, அதே மேடையில பேசக் கூப்பிடறாங்க. வருவீங்களா?" என்றேன். "வரேன். என்ன பேசறன்னு பாக்கறேன்" என்றார். வந்திருக்கிறார். அதோ, பெண்கள் பக்கம், தூணை ஒட்டி, பச்சைச் சேலை. திரும்பி வெறித்துப் பார்க்காதீர்கள், அவர் வேடிக்கைப் பொருள் இல்லை.

அக்கா! அன்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதனால் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். கைதட்டலுக்கு ஆசைப்பட்டு ஒரு வரியை விழுங்கினேன். அந்த வரி உங்கள் பிள்ளையின் வரியாக இருந்தது. என்னை மன்னிப்பீர்களா, அக்கா?

எழுந்திருக்கிறார். கொஞ்சம் அமைதியாய் இருங்கள். என்ன அக்கா? இங்கே வாருங்கள், மைக்கில் சொல்லுங்கள். வரமாட்டீர்களா? சரி, அங்கிருந்தே சொல்லுங்கள், நான் எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொல்கிறேன்.

"மன்னிப்பு குடுக்க மாட்டேன்" என்கிறார்.

சொல்லுங்கள் அக்கா.

"குடுக்கறத்துக்கு என்கிட்ட இப்போ அது இல்ல" என்கிறார்.

கைதட்டாதீர்கள்! யார் அது? இதற்குக் கைதட்டாதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இன்னும் சொல்கிறார். அவர் சொல்கிறபடியே சொல்கிறேன்.

"அந்தக் கடுதாசிய கிழிச்சுப் போடு. நீ வேலய வுட்டா என் பையன் எழுந்து நடக்கப் போறானா? அவனுக்கு உன் மருந்து ஆவாது, தெரிஞ்சுக்கினேன். யார் பெத்த பிள்ளைக்காச்சும் ஆவட்டும். நீ போய் வேலயப் பாரு. மருந்து வந்தப்புறம் சொல்லு. வரத்துக்கு முன்னாடி சொல்லாத."

சொல்லமாட்டேன், அக்கா.

உட்கார்ந்துவிட்டார். தலைவர் ஐயா அவர்களே, தம்பி பிரபாகர் அவர்களே, எழுந்து போனவர்களே, எஞ்சியிருக்கும் நல்லவர்களே! கேட்டதற்கு நன்றி. நான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், காலையில் கூண்டைத் திறக்க வேண்டும். மருந்து இன்னும் வரவில்லை. வணக்கம்.